பிரேக் அக்காவின் கட்டைவிரல்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் அவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிடுவார்கள். பிரேக் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில், அவள் காலடியில், இன்னொன்று. எதிரே லாரி வருகிற பதற்றத்தில் யாராவது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால், அவள் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே தன் காலை அழுத்துவாள். வண்டி நச்சென்று நிற்கும். "உயிர் வெல்லக்கட்டின்னு இப்பத் தெரியுதா? சரி, நியூட்ரல் போடுங்க. மறுபடி முதல்லேர்ந்து" என்பாள்.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கணீர்க் குரல். அந்தப் பயிற்சிப் பள்ளியில் வேலை கேட்டுப் போனபோது முதலாளி, "பொம்பளைகிட்டக் கத்துக்க ஆம்பளைங்க வருவாங்களா?" என்று இழுத்தார். "கத்துக்கணும்னு இருக்கறவங்க வருவாங்க. மத்தவங்க போய் மோதிக்கட்டும்" என்று சொல்லி அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டவள். இப்போது அவளிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

அப்படிப்பட்டவளும் ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டாள். உடம்புக்கு ஏதாவது என்றால் கணவர் சொன்னதுதான் சட்டம்.

அவர் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். படித்தது மருந்தாளுநர் படிப்பு. ஆனால் அக்கம்பக்கம் முழுக்க அவரை "டாக்டர் சார்" என்றுதான் கூப்பிட்டது. நெஞ்செரிச்சலா, சேற்றுப்புண்ணா, குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, எல்லோரும் முதலில் வந்து நிற்பது அவர் கடை முன்னால்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று ஆரம்பிப்பார். பாதிப் பேருக்கு அந்த வார்த்தையிலேயே குணமாகிவிடும். மீதிப் பேருக்கு ஒரு களிம்பு.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. நகத்தின் அடியிலிருந்து நுனிவரை, மைப் பேனாவால் நேராக இழுத்ததுபோல. கார்க் கதவில் கை நசுங்கியது அவளுக்கு நினைவு வந்தது. கணவரிடம் காட்டினாள். "ரத்தம் கட்டியிருக்கு. நகம் வளர வளரப் போயிடும்" என்றார். போகவில்லை. மறுபடி காட்டினாள். "பூஞ்சைக் காளான். ஈரக் கையோடவே இருக்கறே பாரு" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். மாடி வீட்டில் இருந்த நாத்தனார் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகத்துல கோடு ஓடினா வீடு கட்டற யோகம்" என்றாள். "கட்டின வீட்டுக்கு ஒட்டடை அடிக்கவே ஆளில்ல அண்ணி, இன்னொரு வீடு எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனாள் இவள். மழை போய், பனி போய், வெயில் கொளுத்த ஆரம்பித்தது. கோடு அங்கேயே இருந்தது, முன்னைவிட அகலமாக.

அந்த வெயிலில்தான் டாக்டரம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

தோல் மருத்துவர். முப்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆஸ்பத்திரியில் எப்படியோ, காருக்குள் அவளைப்போல் ஒரு கோழையை பிரேக் அக்கா பார்த்ததில்லை. ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வாள். குறுக்கே நாய் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். எந்த ஸ்கூட்டர்காரன் திட்டினாலும் கண்ணாடியை இறக்கி "மன்னிச்சுக்கோங்க" என்பாள்.

"அவன்தான் தப்பான பக்கத்துல வந்தான் டாக்டரம்மா. நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க?"

"பழக்கம் அக்கா."

"ரோட்டுல இந்தப் பழக்கம் ஆகாது. ஊசி போடும்போது அழற குழந்தைகிட்ட மன்னிப்பா கேப்பீங்க? குத்திட்டுப் போயிட்டே இருப்பீங்கல்ல? அந்த மாதிரி ஓட்டுங்க."

பெரிய சந்திப்பின் சிவப்பு விளக்கில் ஒருநாள் வண்டி நின்றிருந்தது. கோணலாய் நின்ற சக்கரத்தை நேராக்க அக்கா தன் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். பச்சை விழுந்தது. டாக்டரம்மா நகரவில்லை.

"பச்சை விழுந்துருச்சு. கிளட்சை மெதுவா விடுங்க."

டாக்டரம்மா அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோடு எப்பேர்ந்து இருக்கு அக்கா?"

"ரோட்டைப் பாருங்கம்மா. என் கையில என்ன ரோடா ஓடுது?"

"நகத்துக்கு அடியில, இந்த ஓரத்துத் தோலும் கறுத்திருக்கு. அதைக் கவனிச்சீங்களா?"

பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு லாரிக்காரன் இவர்கள் இருவரின் வம்சத்தையும் இழுத்துப் பேசினான். அப்போது டாக்டரம்மா ஒரு காரியம் செய்தாள். இண்டிகேட்டர் போட்டாள். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். கிளட்சை அளவாய் விட்டு, சந்திப்பைக் கடந்து, சாலையோரமாக வண்டியைக் கொண்டுவந்து கச்சிதமாக நிறுத்தினாள். கை பிரேக்கையும் இழுத்தாள்.

பிரேக் அக்கா குனிந்து தன் விரலைப் பார்த்தது அப்போதுதான். இந்தப் பெண் தன் பயத்தையே மறந்துவிட்டு இவ்வளவு ஒழுங்காக ஓரங்கட்டியிருக்கிறாள் என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

மறுநாள் மதியம் டாக்டரம்மாவின் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சுவர், கை கழுவும் தொட்டி, சுழலும் நாற்காலி. விளக்கு வைத்த ஒரு சின்ன பூதக்கண்ணாடியை அவள் நகத்தின்மேல் ஒட்ட வைத்து டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தாள். சாலையில் நடுங்குகிற அந்தக் கை இங்கே கல்மாதிரி இருந்தது.

"என் வீட்டுக்காரர் ரத்தக்கட்டுன்னார்."

"ரத்தக்கட்டா இருந்தா நகம் வளர்றப்போ அதுவும் மேல நகந்து வெளியில போயிருக்கும். இது அடியிலேர்ந்து நுனிவரைக்கும் அப்படியே நிக்குது. அகலமும் ஆயிருக்குன்னு நீங்களே சொல்றீங்க."

"அதென்ன, நகத்தைப் பாத்தே ஜாதகம் சொல்வீங்களா?"

டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தாள். "ஜாதகம் இல்ல. ஆனா நகம் சில சமயம் சாடை காட்டும். கரண்டி மாதிரி குழிஞ்சு போனா ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சிருக்கலாம். விரல் நுனி உருண்டு நகம் வளைஞ்சு புடைச்சிருந்தா நுரையீரலையும் இருதயத்தையும் ஒருதரம் பாக்கச் சொல்வோம். பெரிய காய்ச்சல்ல படுத்து எழுந்தா, சில வாரம் கழிச்சு நகத்துல குறுக்கால ஒரு பள்ளம் தெரியும். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் ஒண்ணுமே இல்ல, எங்கயாவது இடிச்சிருப்பீங்க."

"வெள்ளைப் பூ விழுந்தா புதுத்துணி வரும்னு எங்க நாத்தனார் சொல்வாங்க."

"அது நாத்தனார் வாங்கித் தந்தாத்தான் உண்டு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் வற்றிவிட்டது.

"கோடு?" என்றாள் அக்கா.

"நம்ம நிறத்துல இருக்கறவங்களுக்குப் பல நகத்துல கோடு இருக்கறது சகஜம். அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனா ஒரே ஒரு நகத்துல, இந்த வயசுல புதுசா வந்து, நாளாக ஆக அகலமாகி, ஒரு பக்கம் வெளுப்பு ஒரு பக்கம் கறுப்புன்னு இருந்து, பக்கத்துத் தோலுக்கும் இறங்கினா, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சே ஆகணும்."

"என்னவா இருக்கும்னு நினைக்கறீங்க? என்கிட்ட சுத்தி வளைக்காதீங்க. நீங்க கேவலமா ஓட்டறீங்கன்னு முதல் நாளே நான் நேரா சொல்லலையா?"

டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "தோலுக்கு நிறம் தர்ற செல்லுல வர்ற புற்றுநோயா இருக்கலாம் அக்கா. இல்லாமலும் போகலாம். பாக்காம நான் சொல்ல முடியாது."

அக்கா கொஞ்ச நேரம் கை கழுவும் தொட்டியின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை; எரிச்சல். தன் கை, தன் விரல், தினம் தன் கண்ணெதிரே ஸ்டியரிங்கின்மேல் இருந்த விரல். அதைத் தான் பார்க்காமல் வேறு ஒருவர் பார்த்துச் சொன்னதையே நம்பிக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்ற எரிச்சல்.

"எப்ப எடுக்கணும் அந்தச் சதையை?"

"சீக்கிரம். இந்த வாரமே."

சாயங்காலம் அவள் நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். இருமலுக்கு ஒருவர், முட்டி வலிக்கு ஒரு அம்மாள், பின்னால் வேறு சிலர். கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவருக்கு மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் கட்டைவிரலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"இது ரத்தக்கட்டு இல்லையாம். சதை எடுத்துப் பாக்கணுமாம்."

"யார் சொன்னது?"

"என்கிட்ட வண்டி கத்துக்கற தோல் டாக்டர்."

"ஸ்டியரிங் பிடிக்கவே தெரியலன்னு நீயே சொல்வியே, அந்தப் பொண்ணா?"

"ஸ்டியரிங்கை நான் அவளுக்குச் சொல்லித் தர்றேன். நகத்தை அவ எனக்குச் சொல்லட்டும்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கூட்டம் வேடிக்கை பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேத்துப் படிச்சுட்டு வந்தவங்களுக்கு எதையாவது வெட்டிப் பாக்கணும். இதெல்லாம் கத்தி பட்டா அவ்வளவுதான், பரவிடும்."

"எது பரவும்?"

"என்ன?"

"எது பரவும்னு கேக்கறேன். ரத்தக்கட்டு பரவுமா? பூஞ்சைக் காளானுக்குக் கத்தின்னா பயமா?"

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். முட்டி வலி அம்மாள் தன் வலியை மறந்து ஒரு எட்டு முன்னால் வந்து நின்றாள்.

"என்னவா இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அக்கா. கணீர்க் குரல் எங்கோ போய், சின்னதாக வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே களிம்பு தேய்க்கச் சொல்லியிருக்கீங்க."

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல என்ன பேச இருக்கு? உடம்பு என்னோடது. நாளைக்குக் காலையில நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க. வரலைன்னா வண்டி எனக்கு ஓட்டத் தெரியும்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் இருமல்காரர், "டாக்டர் சார், எனக்கு எந்த மருந்து?" என்று கேட்பது காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் அவள் காரை எடுக்கும்போது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். கடை திறக்காமல் அவர் கிளம்பி அவள் பார்த்ததே இல்லை.

விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டபோது அவளுக்கு உயிரே போய்வந்தது. நகத்தின் ஒரு பகுதியை விலக்கி, அடியிலிருந்து துளிச் சதையை எடுத்தார்கள். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, அவர் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யார் யாரோ இருந்தார்கள். யாரும் அவரை டாக்டர் சார் என்று கூப்பிடவில்லை. அந்த இடத்தில் அவர் வெறும் ஒரு நோயாளியின் புருஷன்.

"மருந்துக் கம்பெனி புத்தகம் ஒண்ணுல படம் போட்டிருந்தான்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் விரல் மாதிரியே. பாத்ததும் மூடி வெச்சுட்டேன். அதுவா இருக்காதுன்னு… இருக்கக்கூடாதுன்னு. களிம்பு கொடுத்தா, களிம்புக்குப் போற வியாதியா ஆயிடும்னு ஒரு நினைப்பு."

அவளுக்கு அவரை அந்த பெஞ்சிலேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும்போல் இருந்தது. கூடவே, குனிந்திருந்த அந்த நரைத்த தலையைப் பார்க்க என்னவோபோலவும் இருந்தது. இரண்டில் எதற்கும் அப்போது தெம்பில்லை.

"கோவப்படவும் எனக்கு இப்ப முடியல, மன்னிக்கவும் முடியல. கை வலிக்குது. சாவியைப் பிடிங்க, நீங்க ஓட்டுங்க" என்றாள்.

அவர் ஓட்டினார். மூன்றாவது கியரிலேயே முக்கிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்து, "நாலு போடுங்க" என்று மட்டும் வழியில் ஒருதரம் சொன்னாள்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை; தோலின் மேல் அடுக்கைத் தாண்டி இன்னும் கீழே இறங்கவில்லை. "இதைவிட நல்ல நேரத்துல பிடிக்க முடியாது அக்கா" என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அறுவை செய்ய ஒரு பெரிய மருத்துவரிடம் அனுப்பினாள்.

பெரிய மருத்துவர் வெள்ளை மீசைக்காரர். பேர் பெற்றவர். காகிதங்களைப் படித்துவிட்டு நிமிர்ந்து, அவளைத் தாண்டி, பக்கத்தில் இருந்த கணவரிடம் பேசினார். "அம்மாவுக்கு மேல் மூட்டோட எடுத்துடலாம் சார். சுத்தமா முடிஞ்சுடும். கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

"அந்த அம்மா இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா.

மருத்துவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"விரல் என்னோடது டாக்டர். என்கிட்டச் சொல்லுங்க. மேல் மூட்டுன்னா எது வரைக்கும்?"

அவர் தன் விரலில் காட்டினார். நகம் இருக்கும் அந்தப் பாதி முழுக்க.

"அப்படி எடுத்தா நான் பிழைக்கறது அதிகமாகுமா?"

மருத்துவர் மீசையைத் தடவினார். நேர்மையான மனிதர்தான், பழக்கம்தான் வேறு. "இந்த நிலையில அப்படிச் சொல்ல முடியாதும்மா. நகத்தையும் அதுக்கு அடியில இருக்கற தோலையும் எலும்பு வரைக்கும் வழிச்சு எடுத்துட்டு, கையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டறதும் உண்டு. விரல் நிக்கும், நகம் திரும்ப வராது. ஆனா எடுத்த சதையைச் சோதிக்கும்போது ஓரத்துல மிச்சம் இருந்துச்சுன்னா, திரும்ப வெட்டவேண்டி வரும். அந்தத் தொல்லை வேணாம்னுதான் நான் முதல்லயே—"

"திரும்ப வெட்டறதுன்னா வெட்டுங்க. முதல்லயே வெட்டாதீங்க."

"உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாதும்மா."

"உணர்ச்சியே இல்ல டாக்டர். என் பிழைப்பு இந்தக் கையில இருக்கு. பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு, எதிர்ல லாரி வரும்போது, அடுத்தவங்க பிடிச்சிருக்கற ஸ்டியரிங்கை எட்டிப் பிடிச்சுத் திருப்பற கை இது. பாதி விரலோட அந்தப் பிடி எனக்கு வராது. உயிருக்கு ஆபத்துன்னா விரல் என்ன, கையையே எடுங்க, வாயைத் திறக்கமாட்டேன். ஆபத்து ரெண்டுக்கும் ஒண்ணுன்னு நீங்களே சொன்னப்புறம் எதுக்குத் தரணும்?"

மருத்துவர் மறுபடி கணவரைப் பார்த்தார், பழக்கத்தில்.

"என்னைப் பாக்காதீங்க டாக்டர்" என்றார் கணவர். "இந்த விரல் விஷயத்துல நான் சொன்னதெல்லாம் தப்பாப் போயிருக்கு. அவ சொல்றதைக் கேளுங்க."

கடைசியில் அவள் சொன்னபடிதான் நடந்தது. நகத்தையும் அதன் படுகையையும் எடுத்துவிட்டு, முழங்கைக்கு மேலே உள்பக்கத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். சோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டும் வேளைக்குச் சாப்பிட்டாள். "வெட்டினது விரலை, வயித்தை இல்ல" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. தண்ணீர் சத்தம் நின்றபின் வெளியே வருவாள். முடிவு நல்லபடியாக வந்தது. ஓரம் சுத்தம். அவ்வப்போது வந்து காட்டவேண்டும், அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்தபின் விரலைப் பார்க்க அவளுக்கே ஒருமாதிரியாகத்தான் இருந்தது. நகம் இருந்த இடத்தில் வழவழவென்று, வேறு நிறத்தில் ஒரு தோல். விரல் நுனிக்குக் கண்ணும் மூக்கும் அழிந்துபோன மாதிரி. ஒருநாள் முழுக்க அதைப் புடவைத் தலைப்பில் மூடி மூடி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார், "யாராவது வந்தா கையை இப்படியே மூடி வெச்சுக்கோ, என்ன" என்று அக்கறையோடு சொன்னாள். அந்தக் கணமே அக்கா தலைப்பை உதறிக் கையை வெளியே எடுத்தாள். அப்புறம் மூடவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். "கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுங்களேன். கத்துக்க வர்றவங்க பாத்தா ஒருமாதிரி… இல்லாட்டி கையுறை ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"பாக்கறவங்களை ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க. என் விரலையா ஓட்டப் போறாங்க?" என்று கொக்கியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் பிடி வழுக்கியது. நகம் இல்லாத விரலுக்கு நுனியில் பலம் போதவில்லை. ஸ்டியரிங்கின் தையலில் உரசினால் சுரீர் என்றது. உள்ளங்கையை அழுத்திப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் விரலைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நடித்தால், "கேக்கறதைக் கேட்டுடுங்க, அப்புறம் வண்டியை எடுப்போம்" என்று முழுக்கதையையும் சொல்வாள். சொல்லி முடித்ததும் அவர்கள் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தங்கள் நகத்தைப் பார்ப்பதுதான். "நிறுத்தி வெச்சிருக்கும்போது பாருங்கய்யா!" என்று கத்துவாள்.

மருந்துக்கடையில் "இதுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்ற பேச்சு நின்றுபோனது. போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்றதில் கோபித்துக்கொண்டு சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவளும் அவரும் முன்போலவே பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சண்டைக்கு நடுவே சில சமயம், "ரத்தக்கட்டுன்னு சொன்ன வாய்தானே இது" என்று அவள் சொல்லிவிடுவாள். அவர் எழுந்து போய் இருவருக்கும் காபி கலந்துகொண்டு வருவார்.

பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. வாகன அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த ஆய்வாளர், கைரேகை வைக்க அவள் நீட்டிய கட்டைவிரலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது?"

"அறுவை சிகிச்சை. ஓட்டத் தகுதின்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், விண்ணப்பத்துக்கு அடியில இருக்கு பாருங்க."

பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரமாக வைத்தார். "இது ஓட்டறதுக்கு சரி. சொல்லிக் கொடுக்கறதுன்னா வேற. பாக்கற சனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்லையா? இந்த வருஷம் ஓய்வெடுங்களேன்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேசைமேல், அவர் கண்ணுக்கு நேராக, அப்படியே வைத்திருந்தாள்.

"சனங்களுக்கா, உங்களுக்கா சார் நம்பிக்கை வரல?"

"அப்படி இல்லம்மா—"

"பரவால்ல. வாங்க, வண்டி வெளியில நிக்குது, ஏறுங்க. ஓட்டிக் காட்டாம யாருக்கும் உரிமம் கொடுக்கக் கூடாது. ஓட்டிப் பாக்காம மறுக்கறதும் கூடாதுல்ல?"

வரிசையில் யாரோ "அது நியாயம்தானே" என்றார்கள். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆய்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சோதனை மைதானத்தில் எட்டுப் போட்டாள். கோட்டைத் தொடாமல் பின்னோக்கி வளைத்து நிறுத்தினாள். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, ஒரு விரற்கடை பின்னால் நழுவாமல் மேலே எடுத்தாள். பிடியைக் காட்டவேண்டும் என்று, திருப்பங்களில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டுமே திருப்பினாள். ஆய்வாளர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

"போதும்மா. இங்கயே நிறுத்துங்க."

அவள் நிறுத்தவில்லை. மைதானத்து வாசலைத் தாண்டி வண்டியைச் சாலைக்கு விட்டாள். காய்கறி வண்டிகள், பள்ளி விடும் நேரத்துச் சைக்கிள்கள், இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் வருகிற ஆட்டோக்கள். ஒரு பேருந்துக்கும் மதிலுக்கும் இடையே கைப்பிடி அளவு சந்தில் புகுந்து வெளியே வந்தாள். ஆய்வாளர் தலைக்கு மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"எங்கம்மா போறீங்க?"

"உங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் போலாம்னு சார்."

"வந்துருச்சு, வந்துருச்சு! வண்டியைத் திருப்புங்க!"

"இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு பிரேக் அக்கா நாலாவது கியரைப் போட்டாள்.